கரப்பன் என்று பெயரிடுமுன்



தோலில் ஒரு மாற்றம் தோன்றிவிட்டால் அதற்குப் பெயர் சூட்டுவதற்கு நம்மிடையே ஆட்பஞ்சம் இருப்பதில்லை. சந்தையில் மீன் வாங்க நின்றவர் ஒரு பெயர் சொல்வார். கோயில் வீதியிற் கண்டவர் வேறொரு பெயர் சொல்வார். பேருந்திற் பக்கத்து ஆசனத்தில் இருந்தவர், நாம் கேளாமலே, பெயரோடு மருந்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். இப்பெயர்களுள் மிகுதியாக வழங்குவது கரப்பன் என்பதாகும். மேலை வைத்தியத்தில் எக்சிமா எனப்படுவதும் ஏறத்தாழ இதுவே. குழந்தைகளின் கரப்பனைப் பற்றி நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வளர்ந்தவர்களுக்கு வரும் கரப்பனை. அதிலும், அதற்கு மருந்து யாது என்பதையன்று, அது கரப்பன்தானா என்று அறிவது எவ்வாறு என்பதையே.

மருந்தைச் சொல்லாமல் நோயறிதலைப் பற்றி மாத்திரம் பேசுவதா என்று எண்ணிச் சிலர் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடக் கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டும். வளர்ந்தவர்களின் தோல் நோய்களில் நான் கண்ட துன்பங்களுட் பெரும்பாலானவை மருந்து கிடையாமையால் நேர்ந்தவை அல்ல. பிழையான பெயருக்கு உரிய மருந்தைப் பல மாதங்கள், சில வேளைகளிற் பல ஆண்டுகள், சலியாமற் பூசியதனால் நேர்ந்தவை அவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மேசன் என்னிடம் வந்தார். நாற்பது வயது மதிக்கலாம். வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளிரண்டையும் மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தார். தோளில் ஒரு சீலைப்பை தொங்கியது. அதனை மேசைமேற் கவிழ்த்தார். பதினொரு களிம்புக் குழாய்கள் உருண்டன. “கரப்பன், ஐயா. மூன்று வருடம்” என்றார். அவருடைய கைகளைப் பார்த்தேன். புறங்கை தடித்து, கறுத்து, மொளிகளில் வெடித்து, வெடிப்புகளிற் குருதி கசிந்துகொண்டிருந்தது. பாதங்களின் மேற்புறமும் அவ்வாறே. அவர் சொன்ன பெயர் சரியானதுதான், அது கரப்பனே. ஆனால் அந்தச் சரியான பெயரால் அவருக்கு எட்டுணையும் பயன் விளையவில்லை. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலிற் கரப்பன் என்பது யாது என்பதைப் பார்ப்போம். எக்சிமா என்ற சொல், கொதித்துப் பொங்குதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பொருத்தமான பெயர்தான். தோலின் மேலடுக்கிலுள்ள நுண்ணிய கலங்களுக்கிடையே நீர் கோத்து, அவ்வடுக்கு நனைந்த பஞ்சுபோல் ஆகின்றது. நீர் மிகுந்தால் ஊசிமுனையளவு கொப்புளங்கள் எழுகின்றன. அவை உடைந்து கசிகின்றன. கசிவு காய்ந்து பொருக்காகின்றது. கடி தாங்காமல் நோயாளி சொறிகின்றார். சொறியச் சொறியத் தோல் தடிக்கின்றது. சில வாரங்களில் அவ்விடம் கறுத்து, ரேகைகள் ஆழ்ந்து, யானைத் தோல் போலாகிவிடுகின்றது. வளர்ந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி நிலையிலேதான் வைத்தியரிடம் வருகிறார்கள். கசியும் காலமெல்லாம் வீட்டு மருந்திலும் கடை மருந்திலும் கழிந்துவிடுகின்றது.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது, கரப்பன் ஒரு தனி நோயன்று என்பது. பலவேறு காரணங்களுக்குத் தோல் தருகின்ற ஏறத்தாழ ஒரே விதமான மறுமொழி அது. காய்ச்சல் என்று சொன்னால் நோயைச் சொன்னதாகுமா? மலேரியாவிலும் காய்ச்சல் உண்டு. நெருப்புக்காய்ச்சலிலும் காய்ச்சல் உண்டு. அதுபோலவே கரப்பன் என்று சொன்னதும் விசாரணை முடிந்துவிடுவதில்லை. அங்கேதான் அது தொடங்குகின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரப்பன் கண்ட இடம் சிவந்திருக்கும் என்று பாடநூல்களில் எழுதியிருக்கும். அந்நூல்களை எழுதியவர்கள் வெள்ளைத் தோலைக் கண்டு எழுதினார்கள். நமது தோலிற் சிவப்பு எளிதில் தோன்றாது. சாம்பல் படிந்த கபிலமாக, ஊதா கலந்த கருமையாக, சில வேளைகளில் அயலிலுள்ள தோலைவிடச் சற்றே மங்கியதாகத்தான் அது தோன்றும். மயிர்க்கால்தோறும் சிறு சிறு பருக்களாக, தடவினாற் சுரசுரவென்று மாத்திரம் தெரிவதும் உண்டு. ஆதலின் நமது நாட்டிற் கரப்பனை அறிவதற்குக் கண் மட்டும் போதாது, விரலும் வேண்டும். நோய் ஆறிய பின்னர் கருந்தழும்போ வெண்தழும்போ பல மாதங்கள் நிற்பதும் நமது தோலின் இயல்பு. அந்த நிறத்தை நோயென்று எண்ணி மருந்து பூசிக்கொண்டேயிருப்பவர்கள் பலர்.

இனி, இதனை உறுதிப்படுத்த ஓர் இரத்தப் பரிசோதனை இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை என்பதே விடை. ஒவ்வாமையோடு தொடர்புடைய ஒரு புரதத்தின் அளவை இரத்தத்திற் பார்க்கலாம். கரப்பன் உள்ளவர்கள் பலரில் அது கூடியிருக்கும். ஆனால் குறையாது கடித்து வருந்தும் சிலரில் அது இயல்பான அளவிலேயே இருக்கும். குடலிற் புழு உள்ளவர்களிலோ தோல் நோய் ஏதுமின்றியே கூடியிருக்கும். ஆகவே கரப்பன் இன்றும் கண்ணாலும் காதாலும் அறியப்படுகின்ற நோய்தான். 1980 ஆம் ஆண்டில் ஹனிபின், ராய்க்கா என்னும் இரு வைத்தியர்கள் பரம்பரைச் சார்புடைய கரப்பனை அறிவதற்குரிய குறிகளைத் தொகுத்தார்கள். அது நீண்ட பட்டியல். 1994 ஆம் ஆண்டிற் பிரித்தானிய வைத்தியர் குழுவொன்று அதனைச் சுருக்கித் தந்தது. அதன்படி, கடந்த பன்னிரண்டு மாதங்களிலே தோலிற் கடி இருந்திருக்க வேண்டும். இது கட்டாயம். அதனோடு, முழங்கை, முழங்கால், கழுத்து முதலிய மடிப்புகளில் முன்னர் இருந்தமை, இப்பொழுதும் மடிப்புகளிற் காணப்படுதல், தொய்வு அல்லது தூசித் தும்மல் இருந்தமை, உடலெங்கும் தோல் வறண்டிருத்தல், இரண்டு வயதுக்கு முன்னரே தொடங்கியமை ஆகிய ஐந்தில் மூன்றேனும் பொருந்த வேண்டும்.

இக்கடைசிக் குறியில்தான் வளர்ந்தவர்களுக்கு இடர்ப்பாடு. ஐம்பது வயதினர் ஒருவரிடம், “உமக்கு இரண்டு வயதில் எப்படி இருந்தது?” என்றால் அவர் என்ன சொல்வார்? தாயார் உயிருடன் இருந்தால் அழைத்துவரச் சொல்வது என் வழக்கம். அந்த ஆச்சி வந்து அமர்ந்ததும், “சின்னனிலே இவனுக்கு முழங்கால் மடிப்பெல்லாம் புண். வேப்பிலை அரைத்துப் பூசினேன், தம்பி. பள்ளிக்கூடம் போன பிறகுதான் விட்டது” என்று ஒரே மூச்சிற் சொல்லிவிடுவார். மகன் திகைத்துப்போய்த் தாயைப் பார்ப்பார். நாற்பது ஆண்டு உறங்கிய நோய் மீண்டும் விழித்திருக்கிறது என்பது அப்பொழுது விளங்கும். ஆனால் குழந்தைப் பருவத்தில் ஒரு புள்ளியும் இல்லாது வளர்ந்த பின்னரே முதன்முறையாக வருவதும் உண்டு. அவ்வாறு வந்தால் வைத்தியர் இரட்டிப்பு விழிப்போடிருத்தல் வேண்டும், பெயரிட அவசரப்படலாகாது.

நோய் இருக்கும் இடமும் பேசும். விரல்களின் பக்கங்களிலும் உள்ளங்கையிலும் சவ்வரிசி போன்ற நீர்க்கொப்புளங்கள் எழுமாயின் அது ஒரு வகை. நாணயம் ஒட்டிவைத்தாற்போலக் கால்களில் வட்ட வட்டமாக இருப்பது மற்றொரு வகை. நரம்பு புடைத்த காலில், கணுக்காலுக்கு மேலே உட்புறத்தில், தோல் கறுத்துக் கசிவது குருதி மேலேறாது தேங்குவதால் வருவது. அங்கே களிம்பைவிடக் காலுக்குக் கட்டும் கட்டே பெரிய மருந்து. புருவம், மூக்கின் ஓரம், தலை ஆகிய இடங்களில் எண்ணெய்ப் பசையுள்ள செதிள் காண்பது பொடுகோடு உறவுடையது. வயோதிபர்களின் கணைக்காலிலே கோடையில் வற்றிய குளத்தின் சேறு வெடித்தாற்போன்று தோல் வெடித்திருக்கும், அது வறட்சி. நாளுக்கு மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் குளிக்கும் சுத்தக்காரர்களுக்கு அது விரைவில் வரும். பிடரியிலோ கணுக்காலிலோ ஒரேயோர் இடம் தடித்திருந்து, கவலை வரும்போதெல்லாம் கை அங்கே போகுமாயின் அது பழக்கத்தால் வளர்ந்த கரப்பன்.

இவையெல்லாம் கரப்பனின் உட்பிரிவுகள். இவற்றைவிட முக்கியமானது, கரப்பன் அல்லாதவை கரப்பனின் வேடத்தில் வருவது.

முதலாவது சிரங்கு. வளர்ந்த ஒருவர், முன்பு தோல் நோய் ஏதும் இல்லாதவர், இரவில் உறங்க முடியாதபடி கடிக்கிறது என்று வந்தால், நான் முதலிற் கேட்பது, “வீட்டில் வேறு யாருக்கும் கடிக்கிறதா?” என்பதே. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவினதான ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டி வாழ்வதால் வருவது சிரங்கு. விரலிடை, மணிக்கட்டு, கமக்கட்டு, கொப்பூழைச் சுற்றிய இடம், ஆண்குறி, பெண்களின் மார்பு ஆகியவை அதன் இருப்பிடங்கள். வளர்ந்தவர்களின் முகத்தை அது பெரும்பாலும் தீண்டுவதில்லை. முதன்முறை தொற்றியவருக்கு நாலு முதல் ஆறு வாரங்கள் கடந்த பின்னரே கடி தொடங்கும். ஆதலால் எங்கே தொற்றியது என்பதை எவரும் நினைவிற் கொண்டிருப்பதில்லை. இதனைக் கரப்பன் என்றெண்ணிக் களிம்பு பூசினாற் கடி சற்றுத் தணியும், உண்ணி பெருகும், ஒரு மாதத்தில் வீடே சொறியும். “என்னுடையது சுத்தமான வீடு” என்று சிலர் சினங்கொள்வார்கள். சிற்றுண்ணிக்குச் சுத்தமான வீடு, அசுத்தமான வீடு என்ற வேற்றுமை கிடையாது.

இரண்டாவது படர்தாமரை என்னும் படை. இது பங்கசினால் வருவது. விளிம்பு உயர்ந்து, செதிள் கொண்டு, நடு ஆறியிருக்கும் வளையமே இதன் இலக்கணம். நாரியிலும் தொடையிடுக்கிலும் காண்பது மிகுதி. ஆனால் இந்த இலக்கணம் இந்நாளிற் பெரும்பாலும் குலைந்துவிட்டது. 1952 ஆம் ஆண்டில் ஐதரோகோட்டிசோன் என்னும் ஸ்டீரொயிட் களிம்பு தோல் வைத்தியத்துக்கு வந்தது. கரப்பனுக்கு அது பெருங்கொடை; அதில் ஐயமில்லை. ஆனால் அதன் வழிவந்த பன்மடங்கு வலிய களிம்புகள் பங்கசு மருந்தோடும் கிருமி மருந்தோடும் கலக்கப்பட்டு, “எதற்கும் பூசலாம்” என்ற பெயரோடு கடைகளிற் கைமாறுகின்றன. படையின்மேல் அதனைப் பூசினால் முதல் வாரம் கடி அடங்கும், விளிம்பு மங்கும், பூசுகிறவர் மகிழ்வார். உள்ளே பங்கசு தடையின்றிப் பரவும். நிறுத்தினாற் கடி முன்னிலும் மும்மடங்காக மூளும். மீண்டும் பூசுவார். இவ்வாறு உருமாறிய படையை 1968 ஆம் ஆண்டிலேயே வைத்திய இதழ்களில் விவரித்திருக்கிறார்கள். மாறுவேடம் பூண்ட படை என்று நாம் சொல்லலாம். அதனை அவிழ்க்கும் சோதனை எளியது. விளிம்பைக் கத்தியால் மெல்லச் சுரண்டி, விழுந்த செதிளைக் கண்ணாடித் தகட்டிலிட்டு, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் ஒரு துளி விட்டு, நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் பங்கசின் இழைகள் நூல்போலத் தெரியும். நோவில்லை, சில நிமிட நேரந்தான். இதனைச் செய்யாது பல மாதங்கள் களிம்பு மாற்றுவதிலே என்ன சிக்கனம் இருக்கிறது என்பது எனக்கு விளங்குவதில்லை.

மூன்றாவது சோரியாசிஸ். இது முழங்கையின் மடிப்பில் அன்று, முழங்கையின் முனையிலும் முழங்காற் சில்லின் மேலும் தலையிலும் வரும். கோடிட்டாற்போன்ற தெளிந்த எல்லையும் வெள்ளிநிறத் தடித்த செதிளும் உடையது. நகங்களைப் பார்த்தால் தையல் விரற்பூண் போலக் குழி குழியாக இருக்கக் காணலாம். உள்ளங்கையில் மாத்திரம் வரும்போது கரப்பனோடு அதனை வேறு பிரிப்பது தேர்ந்தவர்களுக்குங் கடினம். ஆகவேதான், கையைக் காட்ட வந்தவரிடம் சட்டையைக் கழற்றும்படி கேட்கிறோம். கூச்சத்தால் மறுத்துவிடாதீர்கள்.

நான்காவதைச் சொல்லும்போது என் பிழையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிது. வெளிநோயாளர் பகுதியில் ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல். அந்த வரிசையில் ஓர் இளம் தையற்காரர் வந்து வலது முன்கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே உள்ளங்கையளவான ஓர் இடம் வெளிறி வறண்டிருந்தது. “கடிக்கிறதா?” என்றேன். “இல்லை ஐயா, அதிலே ஒன்றும் தெரியிறதில்லை” என்றார். துன்பம் ஏதும் இல்லை என்று அவர் சொல்வதாகக் கொண்டேன். வறட்சிக் கரப்பன் என்று சீட்டெழுதிக் களிம்பு கொடுத்து அனுப்பினேன். ஏழு மாதங்களின் பின் அவர் மீண்டும் வந்தார். ஊசி குத்தினாலும் சுண்டுவிரலுக்குத் தெரியவில்லை என்றார். அந்த விரலும் அடுத்த விரலும் வளையத் தொடங்கியிருந்தன. அன்று, முதன்முறையாக, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, அந்த வெளிறிய இடத்தைப் பஞ்சு நுனியாற் தொட்டேன். தொட்டது அவருக்குத் தெரியவில்லை. அது குட்டநோய்.

ஒன்றும் தெரியிறதில்லை என்று அவர் முதல் நாளே நோயின் பெயரைச் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. ஆறு மாதக் கூட்டு மருந்தினால் நோய் முற்றாகத் தீர்ந்தது; சுண்டுவிரலின் வளைவு தீரவில்லை. தையற்காரருக்கு விரல் எத்தகையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒல்லாந்தர் காலத்தில், 1708 ஆம் ஆண்டில், ஹெந்தளையில் குட்டநோயாளருக்கென வைத்தியசாலை கட்டிய நாடு இது. மட்டக்களப்பு வாவியிலே மாந்தீவும் அந்நோயின் பெயராலேயே பலருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பழைய அச்சம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. அதனால் இரு தீங்குகள் விளைகின்றன. குட்டம் உள்ளவர் அதனைக் கரப்பன் என்று சொல்லி மறைக்கிறார். கரப்பன் உள்ளவரை, தொற்றும் என்றஞ்சி, பந்தியிலே பக்கத்திலிருக்க விடாது ஒதுக்குகிறார்கள். கரப்பன் எவருக்குந் தொற்றாது. கடிக்கும் இடம் ஒருபோதும் குட்டமன்று என்று சொல்லிவிட முடியாவிட்டாலும், கடி இல்லாத, உணர்ச்சி குன்றிய, வெளிறிய இடத்தைக் கரப்பன் என்று ஒருபோதும் கொள்ளலாகாது. பஞ்சு நுனிக்குக் காசு இல்லை.

இனி மேசனிடம் திரும்புவோம். அவருடைய நோய் கரப்பனே என்று சொன்னேன். ஆனால் எதனால் வந்த கரப்பன் என்பதை மூன்று ஆண்டுகளாக எவரும் கண்டறியவில்லை. சீமெந்தினாலாக இருக்கலாம் என்று அவருக்கே ஐயம் இருந்தது. அதனால் இரண்டாம் ஆண்டின் இறுதியில் மேசன் வேலையையே விட்டுவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு ஒரு களஞ்சியசாலையிற் காவலாளியாகச் சேர்ந்தார். கைகள் ஓரளவு தணிந்தன. ஆனால் பாதங்கள் மோசமாயின. “வேலையை விட்டும் மாறவில்லை, ஆகவே சீமெந்து காரணமன்று, இரத்தந்தான் கெட்டுவிட்டது” என்று யாவரும் முடிவு செய்தார்கள். வீட்டிலே பத்தியம் தொடங்கியது. கரப்பன் பண்டம் என்று ஒரு பட்டியல் நம் வீடுகளில் உண்டல்லவா? கத்தரிக்காய், இறால், நண்டு, கருவாடு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, அவர் என்னிடம் வந்தபோது சோறும் பருப்புமாக மெலிந்திருந்தார். வளர்ந்தவர்களின் கரப்பனுக்கு உணவு காரணமாயிருப்பது அரிது. இதனை எத்தனை முறை சொன்னாலும் நம் சமையலறைகள் ஏற்பதில்லை.

இத்தகைய இடங்களிலே உதவுவது ஒட்டுச் சோதனை. யாடசோன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1895 ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டார். ஐயத்துக்குரிய பொருள்களைத் தீங்கில்லாத சிறு அளவிலே வசிலினில் குழைத்து, சிறு வட்டத் தகடுகளிலிட்டு, முதுகின் மேற்புறத்தில் வரிசையாக ஒட்டுவார்கள். இரண்டு நாட்கள் அது நனையாமல் இருக்க வேண்டும். பின்னர் கழற்றிப் பார்ப்பார்கள். நாலாம் நாள் அளவில் மீண்டும் பார்ப்பார்கள். எந்தப் பொருள் ஒட்டிய இடத்தில் ஒரு சிறு கரப்பன் முளைக்கிறதோ அந்தப் பொருளே பகைவன். இரண்டாம் நாளில் ஒன்றும் தோன்றாது நாலாம் நாளில் முளைப்பதும் உண்டாதலின், இரண்டாம் முறை வராது நின்றுவிடுகிறவர்கள் பாதிச் சோதனையே செய்தவர்களாவர். ஊசியாற் குத்தி உடனே பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை வேறு, இது வேறு.

மேசனுக்கு நாலாம் நாளிற் குரோமேற்று உப்பு ஒட்டிய இடத்திற் கொப்புளம் எழுந்தது. சீமெந்திலே இயல்பாகக் கலந்திருக்கும் பொருள் அது. ஐரோப்பிய நாடுகளில் 2005 ஆம் ஆண்டு முதல் சீமெந்தில் இதன் அளவுக்குச் சட்டப்படி எல்லை வகுத்திருக்கிறார்கள். சரி, கை விளங்கியது. பாதம்? அவரை வாசலுக்கு அழைத்துச் சென்று, “எது உம்முடையது?” என்று கேட்டேன். தோற் சப்பாத்தொன்றைக் காட்டினார். காவல் வேலைக்கென்று வாங்கியது; நாள் முழுவதும் அணிவது. தோல் பதனிடுவதற்குக் குரோமிய உப்பைப் பயன்படுத்துகிறார்கள். மேசன் வேலையை விட்டு ஓடியவர் தம் பகைவனைக் காலிலே மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். அவர் முன்பு கண்ட வைத்தியர்கள் எவரும் அச்சப்பாத்தைப் பார்த்ததில்லை. மரியாதையின் நிமித்தம் ஒவ்வொரு முறையும் அதனை வாசலிலே கழற்றிவிட்டுத்தான் அவர் உள்ளே போயிருக்கிறார்.

தொடுகையால் வரும் கரப்பனுக்கு இவ்வாறு ஒரு வடிவம் உண்டு. றப்பர்ச் செருப்பின் வார் பட்ட இடத்தில் வாரின் வடிவிலே, தோட்டினால் காதில், கைமணிக்கூட்டுப் பட்டியால் மணிக்கட்டில், காற்சட்டைப் பொத்தானால் கொப்பூழுக்குக் கீழே. இவற்றுட் பின்னவை பெரும்பாலும் நிக்கல் உலோகத்தால் வருவன. தலைமயிருக்குக் கறுப்புச் சாயமிடுபவர்களுக்கு நெற்றி ஓரத்திலும் காதிலும் இமையிலும் வரும். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவிலிருந்த அமெரிக்கப் போர்வீரர்கள் பலருக்குப் பிடரியில் ஒரே இடத்தில் கரப்பன் கண்டது. சட்டையின் கழுத்துப் பட்டியிற் சலவைத் தொழிலாளர் இட்ட குறியே காரணம் என்பது 1943 இல் வெளியாயிற்று. குறியிட்டது சேங்கொட்டை மையினால்.

நமது வடபகுதித் தோட்டக்காரர்களுக்கு ஒரு சொல். முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகியவற்றில், திறந்திருக்கும் இடமெல்லாம், வயது வந்தபின் புதிதாகக் கரப்பன் கண்டால் வெயிலை மாத்திரம் குற்றஞ் சாட்டாதீர்கள். காணியிலும் வேலியோரத்திலும் வெள்ளைப் பூப்பூத்து நிற்கும் பார்த்தீனியச் செடியையும் பாருங்கள். 1950 களின் நடுப்பகுதியிற் புனே நகரில் முதலிற் காணப்பட்டு இந்தியாவெங்கும் பரவிய அச்செடி, பின்னர் நமது வடபகுதிக்கும் வந்து சேர்ந்தது. அதன் தூசு காற்றிலே வரும், தொட வேண்டியதில்லை.

பூசும் மருந்தே கரப்பனை வளர்ப்பதும் உண்டு. நியோமைசின் என்னும் கிருமி மருந்து கலந்த களிம்பு சிலருக்கு ஒவ்வாது. பச்சிலைச் சாறும் தைலமும் அவ்வாறே. பூசப்பூசப் பெருகும் நோயிலே பூச்சையே ஐயுற வேண்டும்.

இறுதியாக, கரப்பன் என்று விட்டுவிடவே கூடாத இரண்டைச் சொல்ல வேண்டும். பெண்ணொருவரின் ஒரு பக்க முலைக்காம்பில் மாத்திரம் பொருக்கும் கசிவும் கண்டு, சில வாரங்களிற் களிம்புக்கு ஆறாது நின்றால், அதனைச் சிறு துணுக்கு வெட்டிச் சோதிக்க வேண்டும். மார்பினுள் இருக்கும் புற்றுநோயின் முகமாக அது இருக்கலாம் என்று ஜேம்ஸ் பஜெற் என்பவர் 1874 ஆம் ஆண்டில் எழுதினார். இரு பக்கமும் வருவது பெரும்பாலும் கரப்பன். ஒரு பக்கம் மாத்திரம் வருவது ஐயத்துக்குரியது. தாய்மாரே, கூச்சம் இங்கே உயிருக்கு விலையாகிவிடும். கணவரிடம் சொல்லத் தயங்கினால், உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமாவது சொல்லுங்கள்.

மற்றது, ஐம்பது அறுபது வயது வரை தெளிந்த தோலோடிருந்தவருக்குப் புதிதாகத் தோன்றி, உடுப்பு மறைக்கும் இடங்களிற் பரவி, எந்த மருந்துக்கும் நிலையாக ஆறாத கரப்பன். தோலிலே தொடங்கும் ஒரு வகைக் குருதிக் கலப் புற்று பல ஆண்டுகள் இத்தோற்றத்தில் இருந்து ஏமாற்றும். ஒரு முறை வெட்டிச் சோதித்து ஒன்றுமில்லை என்று வந்தாலும், நோய் நீடிக்குமாயின் மீண்டும் சோதிக்கத் தயங்கலாகாது. ஆனால் முதியோரின் புதிய கரப்பன் எல்லாம் புற்று என்று எண்ணிக் கலங்கவும் வேண்டாம். வறட்சியும், குருதியழுத்தத்துக்கு உட்கொள்ளும் சில குளிசைகளும் அவர்களுக்குக் கரப்பனை உண்டாக்குவது அதைவிட மிக மிகச் சாதாரணம். தோலிற் புள்ளியொன்றுமின்றி உடலெல்லாம் கடித்தாலோ, அப்பொழுது தோலைவிட்டுச் சிறுநீரகம், ஈரல், தைரொயிட் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

வைத்தியரிடம் போகும்போது என்ன செய்ய வேண்டும்? போகும் நாளில் நோயுள்ள இடத்தில் எதனையும் பூசாதீர்கள். மஞ்சளும் எண்ணெயும் பூசிய தோலில் எவராலும் எதனையும் வாசிக்க முடியாது. முன்பே பூசியவற்றின் குழாய்களையும் போத்தல்களையும், வெறுமையானாலும், கொண்டுபோங்கள். மேசன் கொண்டுவந்த சீலைப்பையைக் கண்டு தாதிமார் சிரித்தார்கள். எனக்கோ அது மூன்று ஆண்டுச் சரித்திரம். உட்கொள்ளும் குளிசைகளின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். என்ன தொழில் என்று கேட்டால், “கூலி வேலை” என்று சொல்லி நிறுத்திவிடாது, கையால் எதனைத் தொடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தணிந்ததா என்பதை நினைத்துப் பாருங்கள். கடிக்கிறதா என்று கேட்டால், கடிக்கிறது, கடிக்கவில்லை, உணர்ச்சியே இல்லை என்ற மூன்றில் எது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வைத்தியர் அவசரத்தில் இருந்தால் இன்னொரு முறை சொல்லுங்கள்.

செருப்பை வாசலிற் கழற்றிவிட்டு வருவது நல்ல வழக்கந்தான். பாதத்திலே கரப்பன் உள்ளவர்கள் அதனைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வாருங்கள்.